புறா எச்சம் சுரண்டும் உத்தியோகம்

தலையில் புறா எச்சம் விழுந்தால் ஊரே துடைத்துப் போட்டுவிட்டு நடக்கும்; அதைக் குச்சியால் சுரண்டிக் குப்பியில் போட்டு, இடமும் தேதியும் எழுதி, ஐஸ் பெட்டியில் பத்திரமாக ஏந்தி வருவது எங்கள் உத்தியோகம்.

வடசென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நுண்ணுயிரியல் பிரிவில் நான் லேப் டெக்னீஷியன். சளி, சீழ், எச்சம் என்று மற்றவர்கள் முகம் சுளிப்பதை எல்லாம் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிற என் சக டெக்னீஷியன்களே, ‘ரிப்போர்ட் வந்துடுச்சா’ என்ற ஒரே கேள்வியைத் தவிர நம்மிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் நானாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பிரிவில் டாக்டர் அமுதா மேடம் பூஞ்சைகளைப் படித்தவர். புறா எச்சத்தில் வளர்கிற ஒரு பூஞ்சை இருக்கிறது. எச்சம் காய்ந்து தூளானால் அதுவும் தூசியோடு கிளம்பி மூச்சில் போகும். நல்ல திடகாத்திரமான உடம்பை அநேகமாக ஒன்றும் செய்யாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு நுரையீரலில் இறங்கி, அங்கிருந்து மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வுக்கு ஏறிவிடும். வடசென்னையில் எந்தெந்த இடத்து எச்சத்தில் அது இருக்கிறது, எந்த மருந்துக்கு அடங்குகிறது, எதற்கு அடங்கவில்லை என்று பார்க்க மேடம் ஒரு திட்டம் போட்டார். மாதிரி எடுத்து வர நான். ஏணி தூக்க அட்டெண்டர் தாஸ் அண்ணன்.

ஒழுகுகிற மாடி

முதல் நாள் ராயபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. ஏணி, பெட்டி, கையுறை சகிதம் நாங்கள் படியேறியதும் வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. மூன்றாவது மாடிக்குப் போவதற்குள் ஏழெட்டுப் பெண்கள் பின்னால் வந்துவிட்டார்கள். ஒருவர் குளியலறைச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இன்னொருவர் கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிவதைக் காட்டினார். வருஷக்கணக்காக மனு கொடுத்து, ஒருவழியாக ஆள் வந்துவிட்டது என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

நாங்கள் அதற்கு வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாஸ் அண்ணன்தான் சொன்னார். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நான் மண்டி போட்டுச் சுரண்டுவதை அவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். மூன்று குப்பி நிரப்பி மூடியதும், முன்னால் நின்ற அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: “ஒயுவுறதப் பாக்க ஒரு ஆளும் வரல. புறா பீயப் பாக்க ரெண்டு பேரு வந்துகீறீங்க. நல்லாக்கீது ஒங்க கவர்மெண்டு.”

தீனிக் கடை

எடுத்து வந்த எச்சத்தில் ஆயிரம் கிருமி இருக்கும். அதில் நமக்கு வேண்டிய பூஞ்சையை மட்டும் அடையாளம் காண ஒரு வழி உண்டு. பேய் எள்ளு என்று ஒரு கறுப்பு விதை. லவ் பேர்ட்ஸுக்கு எல்லாம் போடுவார்கள். அதை அரைத்து, வடிகட்டி, தட்டில் ஊற்றி உறைய வைத்து, மேலே எச்சத்தைக் கரைத்துப் பூசினால், மற்றதெல்லாம் வெளுப்பாக வளரும். இது மட்டும் டிகாஷன் நிறத்துக்கு மாறும். விதைக்கு எந்தக் கம்பெனியையும் எதிர்பார்க்க முடியாது. நானே திருவொற்றியூரில் ஒரு பறவைத் தீனிக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கிளியா, குருவியா, எத்தனை ஜோடி என்று விசாரித்தார். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் முதல் தட்டில் பழுப்புப் புள்ளிகள் வந்திருந்தன. எனக்கு அந்தப் பெருமை அடங்கவில்லை. புறா எச்சத்தில் இருக்கிற பூஞ்சையை வளர்க்க என்று விவரமாகச் சொன்னேன். அவர் பொட்டலத்தை மடித்து நூல் சுற்றிக்கொண்டே முழுவதும் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “பறவைக்குத் தீனி வாங்கறவங்களப் பாத்துகீறேன். பறவ போட்டதுக்குத் தீனி வாங்கறவங்கள இப்பதாம்மா பாக்கறேன்.”

கறுப்பு மையில் வெள்ளை வளையம்

அடுத்த மழைக்காலத்தில் வார்டுக்கு ஏழுமலை வந்தார். திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். நாற்பது வயசு தாண்டியிருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் இரண்டு சிறுநீரகமும் போய், மனைவி தேவி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்துக் காப்பாற்றியிருந்தார். வந்த உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரையே எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும்.

ஒரு மாதமாகத் தலைவலி. கண்ணாடி மாற்றிப் பார்த்தார்கள், சைனஸ் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வார்டு டாக்டர் தென்மாவட்டத்துக்காரர், பெயர் கார்த்திக். வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மண்டை இஸ்து இஸ்து வலிக்குது, பேசிக்கினு இருக்கசொல்லவே எதிர்ல கீறது ரெண்டு ரெண்டாத் தெரியுது என்று தேவி மூச்சு விடாமல் சொன்னது அவருக்குப் பாதிதான் பிடிபட்டது. மாதிரிக் குப்பி வாங்கப் போன நான் பக்கத்தில் நின்று, தலை இழுத்து இழுத்து வலிக்கிறதாம், பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பது இரண்டு இரண்டாகத் தெரிகிறதாம் என்று எடுத்துச் சொன்னேன். நான் எம்.கே.பி. நகரில் பிறந்து வளர்ந்தவள். காலேஜில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அந்தப் பேச்சு அன்றைக்கு ஒரு நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் வேலை செய்தது. இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றதும் டாக்டர் உடனே முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்து அனுப்பினார்.

அதில் ஒரு சொட்டு, கறுப்பு மையில் ஒரு சொட்டு. இரண்டையும் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அந்தப் பூஞ்சைக்கு வழவழவென்று ஒரு உறை உண்டு. மை அதற்குள் போகாது. கறுப்புப் பரப்பு முழுக்க வெள்ளை வளையம் போட்ட உருண்டைகள். அதுவரை எச்சத்தில் மட்டும் பார்த்ததை ஒரு மனிதரின் தலைக்குள்ளிருந்து வந்த நீரில் பார்த்ததும் ஓடிப்போய் மேடத்தைக் கூப்பிட்டேன். மேடம் வந்து பார்த்தார். மேலே வார்டுக்குப் போய், வீட்டில் புறா வளர்க்கிறீர்களா என்று தேவியைக் கேட்டார். தேவி கட்டிலில் கிடந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “உப்ப வுட்டாரு, டீய வுட்டாரு, பீடிய வுட்டாரு. புறாவ மட்டும் வுடல மேடம். அது ஒண்ணுதான கேக்குறாருன்னு நானும் வுட்டுட்டேன்.”

வெறும் அட்டைகள்

இரண்டு வாரம் டிரிப்ஸில் மருந்து ஏறியது. தலைவலி அடங்கியது. ஃப்ளுகோனசோல் மாத்திரை கொடுத்து, பல மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்தாவது வாரம் ஏழுமலை ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்தார். தண்டுவட நீரில் மறுபடியும் அதே வளையங்கள்.

டாக்டர் கார்த்திக் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். கெட்டவர் இல்லை. அன்றைக்கு அவருக்கு வார்டு நிறைய நோயாளிகள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் கேட்கும்படி தேவியைக் கடிந்துகொண்டார். உறுப்பையே கொடுத்தவரிடம், மாத்திரை கொடுக்கத் துப்பில்லையா என்கிற மாதிரி. தேவி எழுந்து பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார். சாயங்காலம் துணிக்கடைப் பை ஒன்றோடு வந்தார். நான் குப்பிகள் வாங்க வந்திருந்தேன். பையை மேஜை மேல் கவிழ்த்தார். எல்லாம் தீர்ந்த மாத்திரை அட்டைகள். ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் பேனாவால் தேதி, காலையா இரவா என்ற குறிப்பு. ஒரு நாள் விட்டுப்போகவில்லை. சத்தமே உயராமல் சொன்னார்: “நான் ஒயுங்காத்தான் குடுத்தேன் டாக்டர். மாத்திர ஒயுங்கா வேல செஞ்சிச்சான்னு நீங்க அத்தப் போய்க் கேளுங்க.”

தெளியாத தட்டு

மாத்திரையைக் கேட்கிற வேலைதான், சக டெக்னீஷியன்களே, நம்முடையது.

தட்டு முழுக்க அவருடைய பூஞ்சையைப் பூசி, நடுவில் ஒரு காகிதப் பட்டை வைப்போம். பட்டையின் ஒரு முனையில் மருந்து அதிகம், மறுமுனைக்குப் போகப் போகக் குறைவு. மருந்து வேலை செய்தால் பட்டையைச் சுற்றிப் பூஞ்சை வளராமல் நீள்வட்டமாகத் தெளிந்திருக்கும். மூன்று நாள் காத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் காலை தட்டை வெளியே எடுத்தேன். தெளிவு என்பதே இல்லை. பட்டையின் தலை வரை பூஞ்சை ஏறி உட்கார்ந்திருந்தது.

மேலே ஃபோன் செய்து சொன்னேன். தட்டில் வேறு ஏதாவது விழுந்து கெட்டுப்போயிருக்குமா என்று டாக்டர் கார்த்திக் கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நம் தொழிலில் முதல் சந்தேகம் நம் கை மேல்தான் வர வேண்டும். மேடம் ஒரு காரியம் செய்தார். மறுபரிசோதனை முடியட்டும் என்று காத்திருக்காமல், முதல் தட்டைப் பார்த்த அன்றே டிரிப்ஸ் மருந்தை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். நான் புதிய பட்டைப் பெட்டியைப் பிரித்தேன். மருந்துக்கு அடங்கும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு பூஞ்சையைப் பக்கத்துத் தட்டில் போட்டேன். வேறு முறையில், சின்னக் குழிகளில் மருந்தை அளவளவாகக் கரைத்தும் பார்த்தேன். தெரிந்த பூஞ்சை சொன்னபடி அடங்கியது. ஏழுமலையுடையது அடங்கவே இல்லை. இதே வகை மருந்துகளைப் பயிருக்கும் தெளிக்கிறார்கள், தேமலுக்கும் படைக்கும் கேட்காமல் கொள்ளாமல் வாங்கித் தடவுகிறார்கள், அதிலே பழகியிருக்கலாம் என்றார் மேடம். இந்தப் பூஞ்சை எங்கே பழகியது என்று அடித்துச் சொல்ல அவருக்கும் முடியவில்லை. ஆனால் தேவி மேல் தப்பில்லை என்பதை என் தட்டு அடித்துச் சொன்னது.

டாக்டர் கார்த்திக் எங்கள் லேப் இருக்கிற கீழ்த்தளத்துக்குத் தானாகவே இறங்கி வந்தார். இரண்டு தட்டையும் மூடி திறக்காமல் வெளிச்சத்தில் தூக்கி மாறி மாறிப் பார்த்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “அந்தம்மாகிட்ட வார்டுலயே, எல்லாருக்கும் முன்னாலயே மன்னிப்புக் கேட்டுட்டேன். ஃபோன்ல அப்படிக் கேட்டதுக்கு உங்ககிட்டயும் கேக்கணும்.”

யாருடைய கிட்னி

டிரிப்ஸில் ஏறுகிற அந்த மருந்துக்கு ஒரு கெட்ட குணம். சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அதில் சாதுவான வகை ஒன்று உண்டு. முதல் தடவை ஏற்றியது அதுதான்; கையிருப்பு தீர்ந்துவிட்டதால் மறுபடி வந்து சேரச் சில நாளாகும். அதுவரை பழைய வகையைத்தான், தண்ணீர் நிறைய ஏற்றி, தினமும் ரத்தம் பார்த்து, ஜாக்கிரதையாகக் கொடுக்க வேண்டும். மேடம் மருந்தை ஆரம்பிக்கச் சொன்ன அன்று கையெழுத்துக் கேட்டபோது ஏழுமலை மாட்டேன் என்றார். தலை வெடிக்கிற வலியிலும் அதில் உறுதியாக இருந்தார். அவள் உடம்பைக் கிழித்துக் கொடுத்ததை நான் பாழாக்க மாட்டேன், போகிறதென்றால் நான் போய்க்கொள்கிறேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

கடைசியில் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாளிலிருந்து நான் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து லேப்புக்குப் போய் அவருடைய ரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு என்று கேட்பேன்; சிறுநீரகம் திணறினால் அது ஏறும். அது என் வேலை இல்லை. ஆனாலும் போவேன். ஏறியது. இரண்டு நாள் அங்கேயே நின்றது. சாதுவான மருந்து வந்த பிறகு மெல்ல இறங்கியது. அதற்குள், மிச்ச மாதங்களுக்குக் கொடுக்க எந்த மாத்திரைக்கு இந்தப் பூஞ்சை அடங்கும் என்று நாங்கள் ஒவ்வொன்றாகப் பட்டை வைத்துப் பார்த்து, ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம். அந்தத் தட்டில் தெளிந்து கிடந்த நீள்வட்டத்தைத் தாஸ் அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றவரை எப்படி வழிக்குக் கொண்டுவந்தார்கள் என்று பிறகு நர்ஸிடம் கேட்டேன். டாக்டர்கள் இல்லையாம், தேவிதானாம். பேனாவை அவர் விரலில் சொருகிவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “யோவ், அது என் கிட்னி. அது எவ்ளோ தாங்கும்னு எனக்குத் தெரியும். நீ கையெயுத்துப் போடு.”

விலாசம் மாறாத புறா

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே நானும் தாஸ் அண்ணனும் அவர் வீட்டு மாடிக்குப் போனோம். நாற்பது புறா. எல்லாம் பந்தயப் புறா. முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, ஆறு குப்பி எடுத்தோம். நான்கில் அந்தப் பூஞ்சை. அதில் ஒன்று ஃப்ளுகோனசோலுக்கு அடங்கவில்லை. மரபணுவைச் சோதிக்க வெளியே அனுப்பினோம். ஏழுமலை தலையில் இருந்ததற்கு ரொம்ப நெருக்கமான உறவு என்று வந்தது. மேடம் அப்போதும் ‘காரணமாக இருக்கலாம்’ என்றுதான் எழுதினார். அந்த ‘இருக்கலாம்’ எனக்குப் பிடித்திருந்தது.

அவர் வீடு திரும்புவதற்குள் கூண்டு போக வேண்டும். காத்திவாக்கத்தில் அவருடைய தோஸ்து பாபு, எண்ணூர் கழிமுகத்தில் இறால் பிடிக்கிறவர், தன் வீட்டு மாடியில் வைத்துக்கொள்கிறேன் என்றார். கூடை கூடையாக வண்டியில் கொண்டு போனார். மறுநாள் காலை நாற்பதும் திருவொற்றியூர்க் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மறுபடி கொண்டு போனார். மறுபடி வந்தன. கடைசியில் பாபு அவற்றை வலைக்குள்ளேயே வைத்துக் குஞ்சு பொரிக்கவிட்டு, அங்கே பிறந்ததை மட்டும் பறக்கவிடுவது என்று ஏற்பாடு. ஏன் இத்தனை தடவை பறந்து வந்துவிடுகின்றன, கொஞ்சம் அடக்கி வைக்கக்கூடாதா என்று நான் விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன். பாபு என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: “எங்க கொண்டுபோய் வுட்டாலும் வூட்டுக்கு வரணும்னு ரெண்டு வருசம் நாங்கதான் பயக்கினோம். இப்ப வராதன்னா இன்னா மேடம் நியாயம்?”

தெளித்துப் பெருக்குவது

ஏழுமலை விஷயத்துக்குப் பிறகு மேடம் துறைமுகப் பக்கத்துக் கிடங்குகளையும் பார்க்கச் சொன்னார். ராயபுரத்தில் ஒரு தானியக் கிடங்கு. உத்தரம் முழுக்கப் புறா. கீழே கன்னியம்மாவும் இன்னும் ஐந்து பெண்களும் மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு காய்ந்த எச்சத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தூசி புகையாக எழும்பியது. நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை அவர்களிடம் சொன்னேன், எங்கள் பாஷையிலேயே சொன்னேன். முதலில் தண்ணீர் அடித்து ஊறவைக்க வேண்டும், நல்ல முகக்கவசம் வேண்டும், பிறகு வழிக்க வேண்டும்.

சூப்பர்வைசர் எங்களை மறுபடி வர வேண்டாம் என்றார். கன்னியம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். மற்ற ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். ரப்பர் குழாயும் முகக்கவசமும் வந்த பிறகுதான் எழுந்தார்களாம்; ஒரு முழு வேலைநாள் ஆயிற்றாம். அடுத்த தடவை போனபோது தரை நனைந்திருந்தது, தூசி இல்லை, சூப்பர்வைசரும் முகக்கவசம் போட்டிருந்தார். கன்னியம்மா முகக்கவசத்தைக் கீழே இறக்காமலே சொன்னார்: “தண்ணி தெளிக்காம எங்க வூட்டு வாசலக்கூடப் பெருக்க மாட்டோம். இத்தினி வருசமா இத்த மட்டும் ஏன் காஞ்ச மேனிக்குப் பெருக்கினோம்னு எங்களுக்கே தெரில.”

கீழ்த்தளத்துக்கு வந்தவர்

எங்கள் லேப்புக்கு நோயாளிகளின் ரத்தம் வரும், சளி வரும், நோயாளி வந்ததே இல்லை. ஏழுமலை வந்தார். பத்து மாதம் கழித்து, தேவியின் கையைப் பிடிக்காமல், தானாகப் படியிறங்கி வந்தார். இடது கண்ணில் பார்வை முழுசாகத் திரும்பவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட முடியாது. யார்ட் வாசலில் வண்டி எண் குறிக்கிற வேலை கொடுத்திருந்தார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தது. புறாவை, பாபு வீட்டுத் தெருவின் எதிர்ப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருகிறாராம்.

தன் தலைக்குள் இருந்ததைப் பார்க்க வேண்டும் என்றார். பூஞ்சையைக் கொன்று பாதுகாத்து வைத்திருந்தோம். மையில் கலந்து வைத்துக் கொடுத்தேன். நல்ல கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்து தேவி பார்த்தார். இதை முதலில் பார்த்தது யார், மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொன்னது யார் என்று தேவி கேட்க, தாஸ் அண்ணன் என்னைக் காட்டினார். ரிப்போர்ட்டில் மேடத்தின் கையெழுத்துதான் இருக்கும். அடியில், சோதித்தவர் என்ற இடத்தில், பொடி எழுத்தில் என் பெயரின் இரண்டு எழுத்து. தேவி தன் பையிலிருந்து ஃபைலை எடுத்துப் புரட்டி, அந்த இரண்டு எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து, விரல் வைத்துக் கணவருக்குக் காட்டினார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தட்டுகளை அடுக்குகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். ஏழுமலைதான் பேசினார்: “கிட்னி குடுத்தது இவ. மருந்து குடுத்தது டாக்டரு. எந்த மருந்து கேக்கும்னு சொன்னது நீங்கன்னு இன்னிக்குத்தான் தெரியும். அடுத்து வர்றவனுக்கும் இதே மாரி ஒயுங்கா சொல்லுங்கம்மா.”

ஊரே அண்ணாந்து பார்த்துப் பெருமைப்பட ஆயிரம் உத்தியோகம் இருக்கலாம், சக டெக்னீஷியன்களே. அண்ணாந்து பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டு பெருமைப்பட வேண்டிய உத்தியோகம் நம்முடையது ஒன்றுதான்.